பாளையங்கோட்டை வெயிலில் கோமாளி மீன் வளர்ப்பது பற்றி

பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், இரண்டடி நன்னீர்த் தொட்டியில் பொன்மீனும் கப்பியும் வளர்த்துப் பழகியவர், இனி ஒரு கோமாளி மீன் இணையை, கடலில் அதற்கு இடம் தரும் அனிமோன் என்னும் முதுகெலும்பில்லாத உயிரோடு சேர்த்துக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க விரும்புவதாக எழுதி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். தூத்துக்குடிக் கடல்நீரையும் அங்கே கரையில் கிடக்கும் பவளக் கல்லையும் கொண்டுவந்து பயன்படுத்தலாமா, உப்பளத்து உப்பைக் கரைத்தால் ஆகாதா, அனிமோன் இல்லாமல் இந்த மீன் வாழுமா, நம் ஊர் வெயிலையும் மின்தடையையும் எப்படிச் சமாளிப்பது என்பவை அவை. கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோமாளி மீன் கடல் அலங்கார மீன்களிலேயே உறுதியான ஒன்று. நல்ல நீரில் பத்து ஆண்டுகளுக்கு மேல், சில நேரங்களில் இருபது ஆண்டு வரைகூட உயிர் வாழும். நம் பக்கத்தில் அது இறந்துபோனால், பெரும்பாலும் நீரின் வெப்பமும் உப்பும் நாளுக்கு நாள் ஏறி இறங்கியதே காரணமாக இருக்கும். ஆகவே மீனைப் பற்றிய கவலையை ஒத்திவைத்து, நீரை ஒரே நிலையில் நிறுத்தும் ஏற்பாட்டை முதலில் செய்து முடிக்க வேண்டும்.

தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. 28 வரை பொறுக்கலாம். சித்திரை, வைகாசியில் நம் மாடி வீடுகளின் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கி, இரவில் அதை அறைக்குள் விடுவதால், நள்ளிரவிலும் அறையின் வெப்பம் 32, 33 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அந்த அறையில் மோட்டாரும் விளக்கும் ஓடும் தொட்டி அறையை விடவும் ஓரிரு டிகிரி சூடாகவே இருக்கும், ஏனெனில் நீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் தின்னும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக நீரிலேயே இறங்குகிறது. நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் தாங்கும். கடல்நீர் அதே வெப்பத்தில் 7-ஐக் கூடத் தொடாது. 32 டிகிரியில் அது 6 அளவுக்கு வந்துவிடும். நன்னீர்த் தொட்டியில் வெயில் காலத்தைத் தாண்டிய அனுபவம் இங்கே பாதிதான் துணை செய்யும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளே 2010-இலும் 2016-இலும் கோடைக்கால நீர் வழக்கத்துக்கு மேல் சூடானபோது வெளுத்தன. திறந்த கடலுக்கே அந்த நிலையென்றால், 150 லிட்டர் நீருக்கு எவ்வளவு சீக்கிரம் அது நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு எளிய மருந்து, நீரின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும்படி பொருத்திய சிறு மின்விசிறிகள். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 100 லிட்டர் கடல்நீரை 6 டிகிரி குறைப்பதற்கு அதிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சுற்றிலுமிருந்து வெப்பம் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதால் 6 டிகிரி முழுதும் கிடைக்காது. இரண்டு, மூன்று டிகிரி கிடைக்கும். இந்த விஷயத்தில் திருநெல்வேலிக்கு ஒரு சாதகம் உண்டு. ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்று, தென்காசிப் பக்கம் சாரலைக் கொட்டிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வரும்போது வறண்டுபோயிருக்கும். வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகும், ஆகவே விசிறி நன்றாக வேலை செய்யும். அதே விசிறி தூத்துக்குடியின் கடற்கரை ஈரக்காற்றில் அந்த அளவுக்குப் பயன் தராது. எனினும் சித்திரை, வைகாசியில், அறையே 34 டிகிரியில் இருக்கும்போது, விசிறி மட்டும் போதும் என்று நான் உறுதி கூறமாட்டேன். அந்த மாதங்களுக்கு ஒரு சில்லர் வேண்டும், அல்லது தொட்டியிருக்கும் அறையில் ஏசி ஓட வேண்டும். சில்லர் நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை வெளியே ஊதும் இயந்திரம் என்பதால், அதைத் தொட்டிக்கு அடியிலுள்ள மர அலமாரிக்குள் வைத்து மூடினால் அது தன் வெப்பத்தையே திரும்பத் திரும்பக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். ஏசி அறையில் வேறொரு சிக்கல்: கதவு, சன்னல் எல்லாம் அடைத்திருப்பதால் மூச்சுக்காற்றின் கரியமில வாயு தேங்கி நீரின் பிஎச் அளவை, அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, கீழே இழுக்கும். நாள்தோறும் சிறிது நேரம் சன்னலைத் திறந்துவிட்டால் அது சரியாகும்.

விசிறியால் வரும் விளைவு ஒன்றைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே நின்றுவிடும். மூன்றடித் தொட்டியொன்றில் வறண்ட காற்றுக் காலத்தில் நாளொன்றுக்கு 3 முதல் 5 லிட்டர் வரை குறையக்கூடும். உண்மையான நீர் 150 லிட்டர் இருக்கும் தொட்டியில் நாளுக்கு 4 லிட்டர் வீதம் ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 40-ஐத் தாண்டிவிடும். அதைக் கண்டு ஒரே மூச்சில் 20 லிட்டர் நன்னீரை ஊற்றினால், ஏறியதை விட வேகமாக உப்பு இறங்கி, அதுவும் உயிர்களுக்குக் கேடாகும். எனவே தினமும் ஒரு கோடு குறித்து வைத்து அதுவரை நன்னீர் ஊற்ற வேண்டும், அல்லது நீர்மட்டம் குறையும்போது தானே நிரப்பும் கருவியை வைக்க வேண்டும். இரண்டு நாள் கல்யாண வீட்டுக்குப் போய் வருகிறவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது. உப்பளவைப் பார்க்க மிதவை மானியைக் காட்டிலும் ஒளிவிலகல் மானி நம்பகமானது. ஆனால் அதையும் 35 பங்கு உப்புள்ள அளவுத் திரவத்தைக் கொண்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒப்படர்த்தியாக, அதாவது நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியாக, அளந்தால் 1.026 என்பதே குறி.

இவற்றையெல்லாம் முன்னிட்டுத்தான், உங்களிடமுள்ள இரண்டடித் தொட்டியைக் கடல்நீருக்கு மாற்ற வேண்டாம் என்கிறேன். இரண்டு சிறு கோமாளி மீன்கள் வாழ 80 லிட்டர் போதும் என்பது உண்மைதான். ஆனால் 80 லிட்டர் நீர் நம் வெயிலில் ஒரே மதியத்தில் சூடாகிவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி விளிம்பு வரை 190 லிட்டர் கொள்ளும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 150 லிட்டர் நிற்கும். கண்ணாடியும் தாங்கியும் சேர்த்தால் எடை 250 கிலோவை நெருங்கும் என்பதால், மேற்கு வெயில் விழாத, உத்தரத்துக்கு நேர் மேலான அல்லது சுமைச்சுவரை ஒட்டிய இடமாகப் பார்த்து வையுங்கள்.

மின்தடை நம் ஊரில் புதிதன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிற்கும் மின்சாரம் பிற்பகலில் வரும் என்று செய்தித்தாளிலேயே முன்கூட்டி அறிவித்துவிடுவார்கள். அந்தச் சில மணி நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றே போதும். நீரின் மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் மீன் மூச்சுத் திணறாது. வீட்டு இன்வெர்ட்டரில், தொட்டிக்குள் நீரை ஓடவைக்கும் அலை மோட்டாரை மட்டும் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. சில்லரை அதில் இணைக்க வேண்டாம், பேட்டரியைக் குடித்துவிடும். பதிலாக மூடிய பாட்டில்களில் நீரை உறையவைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்கவிடலாம். மூடிய குடுவை வடிகட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல மணி நேரம் நீரோட்டம் நின்றால் அதனுள்ளிருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சின்றி அழிந்து, உள்நீர் கெட்டுப்போயிருக்கும், மின்சாரம் வந்ததும் அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் இயக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளத்தை நாம் யாரும் மறந்திருக்கமாட்டோம். அப்படி ஒன்று வந்தால் எந்தப் பேட்டரியும் போதாது. அதற்கு அஞ்சி மீனே வளர்க்காமல் இருக்கவும் முடியாது.

இனி நீர். தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் நீர் குடிக்க நல்லதுதான் என்றாலும், அதில் குளோரின் கலந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரோ, ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் சொல்லவே வேண்டாம், கடினமும் நைட்ரேட்டும் மிகுந்தது. இரண்டையும் நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது: குளோரின் உயிர்களுக்குக் கேடு, நைட்ரேட்டால் பாசி பிடித்துத் தொட்டி பச்சையாகும். ஆர்ஓ முறையில் சுத்திகரித்து, அயனி நீக்கும் பிசினின் வழியாகவும் செலுத்திய நீரே சரியானது. வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சுவைக்காகக் குழாய்நீரில் ஒரு பங்கைத் திரும்பவும் கலப்பவை. இப்போது வருபவற்றில் பல, உடம்புக்கு நல்லது என்று தாமிரத்தையும் சேர்க்கின்றன. மனிதருக்கு நன்மையோ என்னவோ, அனிமோன், இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குத் தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. அதே காரணத்தால், பாட்டி காலத்துச் செப்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ தொட்டிக்கான நீரைப் பிடித்து வைக்கக் கூடாது. உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம் போதும்.

கடல் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது அதையே கொண்டுவரலாமே என்ற உங்கள் எண்ணம் இயல்பானது. பயன்படுத்த முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துறைமுகமும் அனல்மின் நிலையமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த தூத்துக்குடி நகரக் கரையில் எடுக்காதீர்கள். தாமிரபரணி கலக்கும் புன்னைக்காயல் பக்கமும், எங்கேயாயினும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் எடுக்காதீர்கள், ஏனெனில் அப்போது ஆற்று வெள்ளம் கலந்து உப்பளவு இறங்கியிருக்கும், வயல்களின் பூச்சிமருந்தும் உரமும் அதோடு வந்திருக்கும். மணப்பாடு, உவரி போன்ற திறந்த கரைகளில், கோடையில், கரையை விட்டுத் தள்ளிப் படகில் சென்று எடுத்த நீரே ஓரளவு நம்பத் தக்கது. அதையும் வடிகட்டி, சில நாள் இருட்டில் மூடிவைத்து, அளந்து பார்த்தபின் பயன்படுத்த வேண்டும். வாரந்தோறும் 15 லிட்டர் மாற்றுவதற்கு இந்தப் பாடு கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு. என்னைக் கேட்டால் கடல் தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்கச் சொல்வேன்: லிட்டருக்கு 36, 37 கிராம், சிறு மோட்டாரால் ஒரு நாள் முழுவதும் சுழலவிட்டு, அளந்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஊற்றலாம்.

உப்பளத்து உப்பு ஏன் ஆகாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருப்பதால் இந்த யோசனை பலருக்கும் வருகிறது. உப்பளத்தில் நடப்பது கடல்நீரை வற்றவைப்பது மட்டுமாக இருந்தால், வந்த உப்பைக் கரைத்தால் கடல்நீர் திரும்பி வரத்தான் வேண்டும். ஆனால் பாத்திகளில் நீர் கெட்டிப்பட்டுக்கொண்டே வரும்போது, முதலில் சுண்ணாம்புச் சத்து படிந்துவிடுகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அந்த நீரைத் தெளியவைத்து அடுத்த பாத்திக்கு மாற்றியபின், 25 போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு) அளவு அடர்த்தியில்தான் சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் படியாமல், உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அதாவது, நல்ல உப்பு எடுக்கத் தெரிந்த உப்பளக்காரர் கடல்நீரிலிருந்து சோடியம் குளோரைடை மட்டும் திறமையாகப் பிரித்தெடுக்கிறார். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் 410 மில்லிகிராம் கால்சியமும் 400 மில்லிகிராம் பொட்டாசியமும், பிஎச் அளவை 8-க்கு மேல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் உண்டு. உப்பளத்து உப்பைக் கரைத்த நீரில் உப்பளவு மானி 35 காட்டும், சுவையும் கடல்போலவே இருக்கும், மீனோ சில நாளில் சுருண்டுவிடும். கடைகளில் கிடைக்கும் சமையல் உப்பில் அயோடினும், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருளும் வேறு இருக்கின்றன. உப்பளங்களிலிருந்து நமக்கு வேண்டிய பொருள் ஒன்று உண்டு, அதைத் தீனிப் பகுதியில் சொல்கிறேன்.

பவளக் கல்லைத் தொடவே தொடாதீர்கள். கல்போன்ற கூடுகட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், குழல் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ளதானாலும், கரையொதுங்கிய செத்த துண்டானாலும், எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-இல் அமைக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும், சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததால் அலைத் தடுப்பு இழந்து இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, இதைத் தெரிந்துகொண்டும் நம் கடலிலிருந்து கல் எடுப்பவரோடு எனக்குப் பேச விருப்பமில்லை. கடல் தொட்டிக்கென்றே நுண்துளைகளோடு சுட்டுச் செய்யும் செராமிக் கற்கள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. பாக்டீரியா குடியேற அவை முற்றிலும் ஏற்றவை. காருகுறிச்சி மண்சட்டி ஒன்றையும், வண்ணமோ மெருகோ பூசாததாகப் பார்த்து, சாய்த்து வையுங்கள். கோமாளி மீன் இணை அதைத் தன் வீடாக எடுத்துக்கொள்ளும், பிற்பாடு அதன் உள்சுவரிலேயே முட்டையும் ஒட்டும். தேரி மணலோ ஆற்று மணலோ வேண்டாம். தொடக்கத்தில் மணலே இல்லாத வெறும் தளம் சுத்தம் செய்வதற்கு எளிது.

கல்லும் நீரும் போட்டபின் உடனே மீனை விடக்கூடாது என்பது நன்னீர் வளர்ப்பிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கூட்டம் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால், பிஎச் குறைந்த நன்னீரில் இருப்பதை விட அம்மோனியாவின் அதிகப் பங்கு அங்கே கொடிய வடிவில் இருக்கிறது. நன்னீரில் மீன் பொறுத்துக்கொண்ட அளவை இங்கே பொறுக்காது. ஆய்வகத் தரமான அம்மோனியம் குளோரைடைச் சிறிது சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்தால் தொட்டி தயார்.

மீனைத் தேர்வதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. ஆம்ஃபிபிரியான் ஒசெல்லாரிஸ் என்னும் ஆரஞ்சு நிற இனத்தைத் தவிர வேறெதையும் முதல் தொட்டிக்கு வாங்காதீர்கள். இந்தியாவில் அது அந்தமான் கடலைச் சேர்ந்தது. 8, 9 சென்டிமீட்டர் வளர்ந்து அடங்கிவிடும். மன்னார் வளைகுடாவிலேயே காணப்படும் செபே என்னும் கோமாளி மீன் இனம் 16 சென்டிமீட்டர் வரை வளரும், முரட்டுத்தனமும் மிகுதி. கடலில் பிடித்த மீனைக் காட்டிலும் பொரிப்பகத்தில் பிறந்த மீன் நோய் குறைந்தது, குருணைத் தீனியைப் பழகியது. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை நம் கரையிலேயே நிலைநிறுத்தியிருக்கின்றன. ஆகவே ‘எங்கே பிறந்த மீன்?’ என்று கடை அண்ணாச்சியிடம் தயங்காமல் கேளுங்கள். கோடுகளைக் குழப்பிக் கலப்பில் உருவாக்கிய விலையுயர்ந்த வகைகள் அழகு என்பார்கள். மூன்று வெள்ளைப் பட்டைகளோடு இருப்பதை விட அவை எதில் அழகு என்பது எனக்கு விளங்கவில்லை.

இணை சேர்ப்பது இந்த மீனில் எளிது. எல்லாக் குஞ்சுகளும் பால் தீர்மானமாகாத நிலையில்தான் பிறக்கின்றன. கூட்டத்தில் பெரியதும் வலியதுமானது பெண்ணாகிறது, அடுத்தது ஆணாகிறது, மற்றவை அப்படியே அடங்கி நிற்கின்றன. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். பெண்ணாகிவிட்டது மறுபடி ஆணாக மாறாது. எனவே ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் போதும். சிறியது பெரியதன் முன் உடலைச் சாய்த்து நடுங்குவதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டாம். அது பணிவு காட்டுகிறது. வளர்ந்த இரண்டு பெண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் கொன்றே தீரும். மூன்றாவது கோமாளி மீனையும், வேறு கோமாளி இனத்தையும் சேர்க்காதீர்கள்.

அனிமோன் இல்லாமல் இந்த மீன் வாழுமா என்றால், தாராளமாக வாழும். கடலில் அதற்கு அனிமோன் இல்லாவிட்டால் பெரிய மீன் தின்றுவிடும். உங்கள் தொட்டியில் தின்ன யாருமில்லை. உலகிலுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட அனிமோன் இனங்களில் பத்து மட்டுமே கோமாளி மீன்களுக்கு இடம் தருகின்றன. ஒசெல்லாரிஸ் இயற்கையில் அவற்றிலும் மூன்றோடுதான் வாழ்கிறது. அந்த மூன்றும் அகன்று வளர்பவை, கடும் ஒளி கேட்பவை, புதிய தொட்டியில் பெரும்பாலும் மடிந்துபோகிறவை. வளர்ப்பில் ஓரளவு பொறுத்துப்போவது குமிழ் போன்ற நுனி கொண்ட வகை. அதையும் தொட்டி நிலைபெற்று ஓராண்டு ஆவதற்கு முன் வாங்க நான் சம்மதிக்கமாட்டேன். அனிமோனின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு உணவின் பெரும்பகுதியைத் தருகிறது. வெப்பம் மிகும்போதும் ஒளி குறையும்போதும் அந்தப் பாசி வெளியேறி, அனிமோன் வெளுத்துவிடும். கடையில் தூய வெள்ளையாகவோ பளிச்சென்ற மஞ்சளாகவோ தெரிவது பட்டினியில் இருப்பது அல்லது சாயம் ஏற்றியது என்று கொள்ளுங்கள். அனிமோன் நடமாடும் உயிர். பிடிக்காத இடத்தை விட்டு இரவில் நகர்ந்து அலை மோட்டாரில் அகப்பட்டு அரைபடும், அப்படி ஒன்று அரைபட்டால் அதன் நஞ்சு தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். மோட்டாருக்கு வலை உறை போடாமல் அனிமோனை விடக்கூடாது. இவ்வளவும் செய்து விட்டாலும், பொரிப்பகத்தில் பிறந்த உங்கள் மீன் அதை எட்டிக்கூடப் பார்க்காமல் மண்சட்டிக்குள்ளேயே கிடக்கலாம். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மீன் வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடாமல், 40 லிட்டர் அளவில் ஒரு தனித் தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பவர்கள்தாம் பின்னால் முழுத் தொட்டியையும் இழக்கிறார்கள். ஒட்டுண்ணியை அடக்குவதற்காகக் கடைக்காரர்கள் உப்பளவைக் குறைத்து வைத்திருப்பது வழக்கம். வாங்கும்போதே அந்த அளவைக் கேட்டு, தனித் தொட்டியை அதற்கு ஒப்பாக வைத்துக்கொண்டு, பிறகு சில நாட்களில் மெல்ல உயர்த்துங்கள். சென்னை கொளத்தூரிலிருந்து இரவுப் பயணத்தில் பையில் வரும் மீனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் கலந்து பழக்குவது தவறு. பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருப்பதால் அங்கே சேர்ந்த அம்மோனியா அதுவரை தீங்கில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் பிஎச் ஏறி, அது நஞ்சாகும். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைநீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

நோய்களில் மூன்றைத் தெரிந்திருப்பது போதும். உடலில் உப்புத் தூவினாற்போல் புள்ளிகள் தெரிவது கிரிப்டோகாரியான். மிக நுண்ணிய மஞ்சள் பொடி படிந்தாற்போல் தெரிந்து, மூச்சு வேகமாவது அமைலூடினியம். தோலில் சளி திரண்டு உரிந்து தொங்குவது புரூக்லினெல்லா. கடைசியது கோமாளி மீனைத் தேடி வருவதுபோல வரும், ஓரிரு நாளில் கொன்றுவிடும், அதற்குத் தாமிர மருந்து பயன்படாது; தனிப் பாத்திரத்தில், வலுவாகக் காற்று ஓடவிட்டு, லிட்டருக்கு 0.15 மில்லிலிட்டர் பார்மலின் கலந்த நீரில் அரை மணி நேரம் கண்பார்வையிலேயே வைத்து எடுக்க வேண்டும். அடியில் வெள்ளைப் படிவு உள்ள பழைய பார்மலின் ஆகாது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். முதலிரண்டுக்கும் தாமிரம் உதவும், ஆனால் தனித் தொட்டியில் மட்டுமே. பெரிய தொட்டியில் புள்ளி நோய் நுழைந்துவிட்டால், மீன்களையெல்லாம் எடுத்துவிட்டு அதைச் சுமார் 11 வாரம் மீனில்லாமல் விட்டால்தான் ஒட்டுண்ணி தானாக மாயும்.

தீனிக்கு நல்ல கடல்மீன் குருணையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வாரத்தில் சில நாள் இறாலையும் கணவாயையும் உப்பில்லாமல் பொடியாக நறுக்கிக் கழுவி உறையவைத்துக் கொடுக்கலாம். சாளை போன்ற நெய் மிகுந்த மீன் வேண்டாம், நீரில் எண்ணெய் படியும். தூத்துக்குடி உப்பளங்களில், உப்பு கெட்டிப்படும் பாத்திகளில், ஆர்ட்டிமியா என்னும் சிற்றிறால் இயல்பாகவே வாழ்கிறது. மேலே குறிப்பிட்ட பொருள் இதுதான். உயிரோடு கிடைத்தால் நன்னீரில் அலசிக் கொடுங்கள், மீன் பாய்ந்து தின்னும். நாளுக்கு இருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும்.

வீட்டிலுள்ளவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டியவை சில. கொசுவை விரட்டும் திரவ மருந்தும் சுருளும் தெளிப்பானும் பெரும்பாலும் பைரித்திராய்டு வகையைச் சேர்ந்தவை. மீனுக்கும் இறாலுக்கும் அவை கொடிய நஞ்சு, காற்று மோட்டார் அந்தக் காற்றை இழுத்து நேரே நீருக்குள் செலுத்தும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைதான் வழி. தெருவில் புகைமருந்து அடிக்கும் நாளில் சன்னலைச் சாத்திவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அடுத்த அறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். தொட்டியின் மேல் கண்ணாடி மூடி போட்டால் ஆவியாவது தடைப்பட்டு வெப்பம் ஏறும். நைலான் வலைச் சட்டம் போட்டால் மீன் துள்ளி வெளியே விழாது, பல்லி உள்ளே விழாது, காற்றும் தடைப்படாது.

முட்டை பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். இணை முதிர்ந்தபின் சில நூறு ஆரஞ்சு நிற முட்டைகளை இட்டு, ஆண் விசிறிக் காக்கும். ஏழெட்டு நாளில், இருட்டியபின் பொரிக்கும். குஞ்சுகளுக்கு ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரையும் அதற்குத் தீனியாகப் பச்சைப் பாசியையும் தனியே வளர்க்க வேண்டியிருப்பதால், அதை இப்போது திட்டமிட வேண்டாம்.

எப்போது தொடங்குவது என்பதில் என் ஆலோசனை வழக்கத்துக்கு மாறானது. தொட்டி, விசிறி, மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் பங்குனியிலேயே நிறுவி, உப்புநீரை நிரப்பி, மீனில்லாமல் கோடை முழுவதும் ஓடவிடுங்கள். மதியம் 3 மணிக்கும் விடியற்காலையிலும் வெப்பத்தைக் குறித்து வாருங்கள். விசிறி ஓடியும் நீர் 29-க்கு மேல் போனால் சில்லர் வாங்கியாக வேண்டும், வாங்க இயலாவிட்டால் அந்தத் தொட்டியில் நன்னீர் மீனே வளர்க்கலாம். அப்போதைக்கு உங்களுக்கு நட்டம் உப்பு மட்டுமே. நீர் 28-க்குள் நின்றால், ஆவணியில் அம்மோனியா சேர்த்துப் பாக்டீரியாவை வளர்த்து, வெயில் தணியும் ஐப்பசியில் இரண்டு குஞ்சு மீன்களை வாங்கித் தனித் தொட்டியில் விடலாம். அவை கார்த்திகை முடிவதற்குள் பெரிய தொட்டிக்கு வந்துவிடும். அனிமோனை, அந்த மீன்களோடு அடுத்த கோடையையும் கடந்தபின் கேளுங்கள்.